டீ மெஷினுக்கு ஸ்பேர் இல்லை: கோவையில் செய்ய முடியாதா?

ஏப்ரல் 9, இரவு 8.50 | கட்டபெட்டு

தேயிலைக் கொழுந்து வெட்டற, ஒரு ஆள் பிடிக்கிற டீ மெஷின், ஜப்பான் எஞ்சின், 26 சிசி. ஸ்டார்ட் ஆகுது, ஆக்சிலேட்டர் கொடுத்தா அமுங்கிடுது. டயாப்ரம், அதான் கார்புரேட்டர்ல இருக்கற ரப்பர் சவ்வு, போச்சுன்னு மெக்கானிக் சொல்லிட்டார். குன்னூர், ஊட்டி, கோவை மூணு ஊரிலும் ஒரே பதில்: ஸ்டாக் இல்லை, கண்டெய்னர் வரணும். கொழுந்து இப்பத்தான் ஏறுது. இன்னும் பத்து நாள் விட்டா முத்திடும், ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க. கையால பறிக்க ஆளும் இல்லை. பம்ப்செட் முழுசா செய்யற கோயம்புத்தூர்ல ரெண்டு விரல் அகல ரப்பர் கிடைக்காதா? மெஷினையே இங்க செஞ்சா என்ன?

ஏப்ரல் 9, இரவு 10.15 | குன்னூர் பட்டறை

மெஷினை இங்கே செய்வது பெரிய பேச்சு, அதற்கு வருவோம். முதலில் போனது டயாப்ரம்தானா என்று பாருங்கள். "அமுங்குது" என்றாலே டயாப்ரம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நாலு காரணம் இருக்கலாம், நாலில் மூன்றுக்குக் கண்டெய்னர் தேவையில்லை.

டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரைக் கொக்கி போட்டு வெளியே இழுங்கள். வாயால் ஊதினால் தடையில்லாமல் காற்று போக வேண்டும். போகவில்லையென்றால் அதுதான் வியாதி. அடுத்து பெட்ரோல் டியூபை வளைத்துப் பாருங்கள். வளைவில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோலோடு காற்றையும் இழுக்கும். மூன்றாவது சைலன்சர் வாய். அங்கே கம்பி வலை இருந்தால் கரி அடைத்திருக்கும். கழற்றி அடுப்பில் சிவக்கக் காட்டி பிரஷ் போட்டால் போதும். இந்த மூன்றும் சரி என்றால்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும்.

கார்புரேட்டரில் டயாப்ரம் இரண்டு. ஒன்று பம்ப் டயாப்ரம்: மெல்லிய தாள், நாக்கு மாதிரி வெட்டிய இரண்டு வால்வு. இன்னொன்று மீட்டரிங் டயாப்ரம்: நடுவில் சின்ன உலோகக் குமிழ். குமிழ் உள்ளதை எடுத்துக் காதருகே வைத்து லேசாக அமுக்குங்கள். நல்லது துணி மாதிரி சத்தமில்லாமல் மடங்கும். கெட்டது பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சலசலக்கும். சலசலத்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது அடுக்கு மாறக் கூடாது. வால்ப்ரோ கம்பெனி கார்புரேட்டர் வகையில் பெரும்பாலும் மீட்டரிங் பக்கம் பாடிமேல் முதலில் கேஸ்கெட் (கசிவு தடுக்கும் தாள்), அதன்மேல் டயாப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் தலைகீழ்: பாடிமேல் முதலில் டயாப்ரம், அப்புறம் கேஸ்கெட். கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். "புது டயாப்ரம் போட்டும் ஓடலை" என்று வரும் மெஷின்களில் இந்த அடுக்கைத்தான் முதலில் திறந்து பார்க்கிறோம்.

ஏப்ரல் 10, காலை 6.40 | கட்டபெட்டு

சலசலக்குதுங்கண்ணா. டியூபும் வெடிச்சிருக்கு.

ஏப்ரல் 10, காலை 7.30 | குன்னூர் பட்டறை

அப்போ இரண்டையும் மாற்றுங்கள். டியூபுக்கு ஜப்பான் பெயர் வேண்டாம், அளவு வேண்டும். உள்விட்டம் 2.5 அல்லது 3 மி.மீ., வெளிவிட்டம் 5 அல்லது 6. கோவையில் ரப்பர் சாமான் விற்கும் கடையில் "எஃப்கேஎம் டியூப், பெட்ரோலுக்கு" என்று கேளுங்கள். எஃப்கேஎம் என்பது பெட்ரோல் தாங்கும் ஃப்ளோரின் ரப்பர். மீன்தொட்டிக் கடையில் விற்கும் வெள்ளை பிவிசி டியூபைப் போடாதீர்கள், சில வாரத்தில் குச்சியாகிவிடும். சிலிக்கான் டியூபும் ஆகாது. வெப்பம் தாங்கும், ஆனால் பெட்ரோல் குடித்து உப்பும்.

டயாப்ரத்துக்குத் தற்காலிக வழி: புல், புதர் வெட்டும் 26 சிசி பிரஷ் கட்டருக்கு வரும் சீனா கார்புரேட்டர் முழுசாகவே கிடைக்கும். வாங்கும்முன் இரண்டு போல்ட்டின் மையத்திலிருந்து மையம் வரை உள்ள தூரத்தையும் காற்று போகும் ஓட்டையின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள். இது உள்நாட்டுத் தயாரிப்பு இல்லை என்று தெரியும். ஆனால் கொழுந்து காத்திருக்காது.

ஏப்ரல் 11, இரவு 9.20 | குன்னூர் பட்டறை

மெஷினையே இங்கே செய்தால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஒரு டீ மெஷினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பினால் அது ஒரே பொருளாக இருக்காது. நாலு விதமான சாமான் இருக்கும். தட்டுப்பாடும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல் இல்லை.

எண் உள்ள சாமான் முதல் வகை. கிராங்க் பேரிங்கை எடுத்துத் துடைத்தால் பக்கவாட்டில் 6001, 6201, 6202 என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்த எண் உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தியாவில் செய்ததே கிடைக்கும். பின்னால் சி3 என்று இருந்தால் சி3 என்றே கேட்டு வாங்குங்கள். உள் இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று அதற்கு அர்த்தம். சூடானதும் இறுகாமல் இருக்க அது வேண்டும். ஆயில் சீலிலும் மூன்று எண் இருக்கும், உதாரணமாக 12-22-7: தண்டின் விட்டம், வெளிவிட்டம், தடிமன். ஸ்பேர் கடையில் மெஷின் பெயரைச் சொன்னால் "இல்லை" என்பார்கள். பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான். என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ இல்லையென்றால் பாஷ் டபிள்யூஎஸ்ஆர்6எஃப், சாம்பியன் ஆர்சிஜே6ஒய். ஒரு எச்சரிக்கை: இவற்றின் மரை நீளம் 9.5 மி.மீ. சில பைக் பிளக்கிலும் அதே 14 மி.மீ. மரை இருப்பதால் சிலர் முறுக்கிவிடுகிறார்கள். அதன் நீளம் 12.7 என்றால் பிஸ்டன் தலை மேலே வந்து இடிக்கும். பழைய பிளக்கின் பக்கத்தில் வைத்து உயரம் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். இடைவெளி 0.6 முதல் 0.7.

இரண்டாவது வகை, நம் பட்டறையிலும் தையல்கடையிலும் ஆகும் சாமான். கொழுந்துப் பை இதில் முதல். நைலான் வலைத்துணி, வாயில் எலாஸ்டிக், கீழே திறந்து கொட்ட நாடா. பழைய பையைத் தையல் பிரித்து விரித்தால் அதுவே அளவு. துணியில் காற்று ஓட்டம் குறைந்தால் காற்று ஊதும் பிளோயர் தள்ளும் கொழுந்து பைக்குள் போகாமல் பிளேடுமேலேயே திரும்பி விழும். அதனால் கெட்டித் துணி கூடாது. ஸ்டார்ட்டர் கயிறு 3 முதல் 3.5 மி.மீ. பின்னல் நைலான், ஸ்பிரிங்கை இரண்டு மூன்று சுற்று முன்கூட்டி இறுக்கி மாட்ட வேண்டும். கயிறு சுற்றும் புல்லி உடைந்தால் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் தடியில் லேத்தில் கடைந்துவிடலாம். கைப்பிடி ரப்பர் மவுண்ட், எம்6 போல்ட் வைத்தது, கோவையில் ரகம் ரகமாக இருக்கிறது.

மூன்றாவது வகை பிளேடு. நான்காவது வகை டயாப்ரம், இக்னிஷன் காயில், சிலிண்டர். "கப்பல் வரணும்" என்ற பேச்சு இந்தக் கடைசி இரண்டு வகைக்குத்தான் பொருந்தும். எல்லாச் சாமானும் கடல் தாண்டி வருவதாக நினைத்துக்கொண்டிருப்பதால் ஆறாயிரத்து ஒன்று பேரிங்குக்கும் மெஷினை ஓரம் கட்டிவிடுகிறோம்.

ஏப்ரல் 11, இரவு 10.05 | மஞ்சூர்

டயாப்ரம் முன்னெல்லாம் மூணு வருஷம் வந்துச்சு. இப்ப வருஷத்துக்கு ஒண்ணு. பெட்ரோல்ல எத்தனால் கலக்கறதுதானே காரணம்? பெட்ரோல்ல தண்ணி ஊத்திக் குலுக்கி எத்தனாலைப் பிரிச்சு எடுத்துடலாம்னு ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

ஏப்ரல் 12, காலை 7.10 | குன்னூர் பட்டறை

செய்யாதீங்க. எத்தனால் போகும், அதோடு பெட்ரோலின் ஆக்டேன் தரமும் குறையும். பிரித்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். சின்ன எஞ்சினில் அது கார்புரேட்டர் அடியில் போய் உட்காரும். கீழே வடியும் எத்தனால் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? ஓடையிலா?

அந்த முறை எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று பார்க்க மட்டும் உதவும். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கீழே தண்ணீர் மட்டம் 28 மில்லிக்கு ஏறினால் 18 மில்லி எத்தனால் இறங்கியிருக்கிறது, அதாவது 90இல் ஐந்தில் ஒரு பங்கு. அதுதான் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் கூடாது. சோதித்த பெட்ரோலை மெஷினில் ஊற்றக் கூடாது.

காரணம் நீங்கள் சொன்னதில் பாதி. டயாப்ரத்தில் உள்ள நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் உப்புகிறது, காய்ந்தால் சுருங்கி விறைக்கிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் ஆயுளைக் குறைக்கிறது. அதோடு நம் ஊர் ஈரம். எத்தனால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். குளிர் கூடினால் அந்தத் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து கீழே இறங்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு ஷெட்டில் டிசம்பர் முழுக்கத் தொங்கிய மெஷினை ஜனவரியில் இழுத்தால் முதலில் உள்ளே போவது அந்தக் கலங்கல்தான்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் கேனில் கவிழ்த்துவிடுங்கள். பிரைமர் குமிழைக் காற்று வரும்வரை அமுக்குங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து தானாக அணையும்வரை விடுங்கள். இரண்டு நாள் இடைவெளிக்கு இது தேவையில்லை, இரண்டு வாரம் என்றால் கட்டாயம். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். ஆயில் அளவு மெஷின் புத்தகப்படி: 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. எத்தனாலுக்காக ஆயிலைக் கூட்ட வேண்டியதில்லை. கலவையில் பெட்ரோல் அளவு குறைவாகப் போவதால், கார்புரேட்டரில் எச் ஊசி (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைத் திருத்தும் ஸ்குரூ) இருந்தால் எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள்.

ஏப்ரல் 13, இரவு 8.30 | குன்னூர் பட்டறை

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். எட்டில் ஒரு சுற்று என்று பொதுவாகச் சொன்னது சரியில்லை.

இ20இல் ஆக்சிஜன் கலந்தே இருப்பதால் அதே ஊசிநிலையில் கலவை வறண்டு (பெட்ரோல் குறைந்து) போகும், சுமார் ஏழெட்டு சதவீதம். இது உண்மை. ஆனால் குன்னூர் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இங்கே காற்று சமவெளியைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு லேசு. கீழே டியூன் செய்த கார்புரேட்டர் மேலே வந்தால் கலவை கெட்டியாகும் (பெட்ரோல் கூடும்), அதுவும் ஏறக்குறைய அதே அளவு. ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கோவையிலோ தொழிற்சாலையிலோ டியூன் செய்து அப்படியே மேலே கொண்டுவந்த மெஷினில் ஊசியைத் தொடாதீர்கள். பழைய பெட்ரோலில் இதே மலையில் டியூன் செய்த மெஷின் என்றால்தான் எட்டில் ஒரு சுற்று.

அடையாளம்: முழு வேகத்தில் பிளேடு வெறுமனே ஓடும்போது லேசாக "பட பட" என்று கனத்த சத்தம் கலந்து வந்தால் சரி. கத்திபோல் கூர்மையாகக் கத்தினால் வறட்சி, உடனே நிறுத்துங்கள். பிஸ்டன் பிடித்துவிட்டால் சிலிண்டருக்கும் சேர்த்துக் கப்பல் பார்க்க வேண்டிவரும்.

ஏப்ரல் 15, காலை 9.45 | கணபதி லேத்

கோவையிலிருந்து எழுதறேன். கேஸ்கெட் பஞ்சிங் நாங்க செய்யறோம். டயாப்ரம் ஒண்ணு அனுப்புங்க, ஆம்பூர்ல செருப்புத் தோல் வெட்டற மாதிரி கத்தி டை போட்டு ஷீட்ல அடிச்சுத் தர்றோம். நைட்ரைல் பூசின துணி ஷீட் இருக்கு. இதுல என்ன கஷ்டம்?

ஏப்ரல் 15, இரவு 9.00 | குன்னூர் பட்டறை

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கேஸ்கெட்டும் பம்ப் தாளும் உங்கள் டையில் வரும், தயங்காமல் செய்யலாம். பம்ப் தாளில் நாக்கு வெட்டும் இடத்தில் பிசிறு இருந்தால் வால்வு மூடாது. டை புதிதாக இருக்கும்போது அடித்ததை மட்டும் எடுங்கள்.

மீட்டரிங் டயாப்ரம்தான் வேறு. மேலிருந்து பார்த்தால் தட்டையான வட்டம் மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்: குமிழைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு தொய்வு, அச்சில் வைத்து அழுத்தியது. அந்தத் தொய்வு இருப்பதால்தான் நடுப்பகுதி எந்த இழுப்பும் இல்லாமல் மேலும் கீழும் போகிறது. தட்டை ஷீட்டில் வெட்டினால் ஓரம் இறுகியதும் தோல்வாத்தியம் மாதிரி விறைத்துவிடும். லீவரைத் தள்ளும் பலம் போதாமல் பெட்ரோல் கதவு தாமதமாகத் திறக்கும். ஐடிலில் ஓடும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அமுங்கும். கட்டபெட்டு முதல் நாள் சொன்ன அதே வியாதி, புதுச் சாமானில்.

ஆக வேண்டியவை மூன்று. மெல்லிய பாலியஸ்டர் அல்லது நைலான் துணிமேல் எஃப்கேஎம் ரப்பர், குறைந்தபட்சம் எத்தனால் தாங்கும் நைட்ரைல். தொய்வுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு சூட்டு அச்சு. நடுக் குமிழுக்கு ரிவெட். தடிமனை மூலச் சாமானில் மைக்ரோமீட்டர் வைத்து ஓரத்தில் ஐந்து இடத்தில் அளந்து, நடுவில் நிற்கும் மதிப்பை எடுங்கள். குமிழின் உயரம் 0.1 மி.மீ. மாறினால்கூட லீவர் நிலை மாறும்.

ஷீட் வாங்கும்முன் ஒரு சோதனை. 50 மி.மீ. நீளத் துண்டு, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பங்க் பெட்ரோலில் ஏழு நாள். எடுத்து உடனே நீளம் பாருங்கள். 51.5ஐத் தாண்டியிருந்தால் அந்த ரப்பர் வேண்டாம். நீளத்தில் 3 சதவீதம் என்றால் கன அளவில் 9 சதவீதம் உப்பியிருக்கிறது. பிறகு ஒரு நாள் நிழலில் காயவிட்டு மடித்துப் பாருங்கள். சலசலத்தால் அதுவும் வேண்டாம். துணி உள்ளே இருந்தால் நீளத்தை அது பிடித்துக்கொள்ளும். அப்போது தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும்.

ஏப்ரல் 16, காலை 10.10 | கணபதி லேத்

தொய்வு இருக்கறதை இப்பத்தான் சாய்ச்சுப் பார்த்தேன். சரிங்க. அச்சுக்கு எத்தனை உருப்படி ஆர்டர் வரும்னு சொல்லுங்க, அதை வெச்சுத்தான் விலை.

ஏப்ரல் 16, இரவு 9.40 | குன்னூர் பட்டறை

இதுதான் முடிச்சு. கோவைக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. "எத்தனை வேண்டும்" என்ற கேள்விக்கு நம் மலையில் பதில் சொல்ல ஆளில்லை. அச்சுக் கூலி அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கேட்டால் ஆளுக்கு ஆறாயிரம், யாரும் வாங்க மாட்டார்கள். முந்நூறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு இருநூறு. முந்நூறு மெஷின் இந்த மாவட்டத்தில் இல்லையா? கூட்டுறவு டீ ஃபேக்டரி ஒவ்வொன்றிலும் கொழுந்து ஊற்றும் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலின் ஓரத்தில் மெஷின் மாடல், கார்புரேட்டரில் பொறித்த எண் என்று இரண்டு கட்டம் கூட்டினால் போதும், ஆர்டர் எண்ணிக்கை வந்துவிடும்.

கார்புரேட்டர் எண்ணைத்தான் எழுத வேண்டும், மெஷின் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. வேறு வேறு நிறத்தில், வேறு வேறு பெயரில் வரும் மெஷின்களில் கார்புரேட்டர் ஒன்றாகவே இருக்கும்.

ஏப்ரல் 18, மாலை 6.20 | தாண்டிக்குடி

பழனி மலைப் பக்கம் எங்களுக்கு டீ இல்லை, காபி. பிரஷ் கட்டரும் மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரும் இதே கார்புரேட்டர். எங்களையும் கணக்குல சேர்த்துக்குங்க. ஆனா ஒண்ணு. தயாரிப்பு மலைமேலேயே வரணும்னு யாராவது ஆரம்பிச்சா நான் ஒத்துக்க மாட்டேன். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை ஞாபகம் இருக்கட்டும். அமெரிக்காவுல வாட்டர்டவுன்ல மூடின ஆலையை 1980கள்ல இங்க கொண்டுவந்து வெச்சாங்க. வேலை கிடைச்சது, சந்தோஷப்பட்டோம். 2001ல மூடினப்ப பாதரசம் மண்ணுலயும் சோலையிலயும் கிடந்தது.

ஏப்ரல் 18, இரவு 9.15 | குன்னூர் பட்டறை

தாண்டிக்குடி சொல்வதை முழுக்க ஏற்கிறேன். பிளேடை வெப்பப் பதம் பண்ணும் எண்ணெய், ரப்பர் வேகவைக்கும் புகை, முலாம் பூசும் அமிலம் எதுவும் மலைக்கு வரக் கூடாது. இங்கே பெய்வதெல்லாம் பவானிக்கும் மோயாற்றுக்கும்தான் இறங்குகிறது. கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு உள்ள இடத்தில் கீழே செய்யட்டும். மேலே நடக்க வேண்டியது அளவெடுப்பது, பூட்டுவது, ஓட்டிச் சோதிப்பது. சோதனைக்கு இந்த மலையைவிட நல்ல இடம் இல்லை: சரிவு, ஈரம், லேசான காற்று எல்லாம் இங்கேயே இருக்கிறது.

மலையில் தொழிலே கூடாது என்று அர்த்தம் இல்லை. கேத்தி பக்கம் 1949இல் வந்த ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. கம்பியை இழுத்து, வெட்டி, காது குத்தி, மெருகேற்றும் வேலை. ஒரு தையல் ஊசி நேராகவும் வளையாமலும் வருவதற்கு வேண்டிய வெப்பப் பதக் கைவேலை இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை.

ஏப்ரல் 19, காலை 7.00 | மஞ்சூர்

எக்ஸ்ரே ஃபிலிம்னு சொன்னதும் நம்ம ஊட்டி ஃபிலிம் கம்பெனி ஞாபகம் வந்துடுச்சு. அதுவும் உள்நாட்டுத் தயாரிப்புதானே, ஏன் நிக்கலை?

ஏப்ரல் 20, இரவு 8.10 | குன்னூர் பட்டறை

ஒரு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அது நான் சொல்லிவந்ததையே மாற்றுகிறது.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தி தொடங்கியது. "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம். தூசியில்லாத, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் ஊட்டி. நன்றாகத்தான் செய்தார்கள். கறுப்பு வெள்ளை போய் கலர் வந்தது, பிறகு ஃபிலிமே இல்லாத டிஜிட்டல் வந்தது. செய்யும் திறமை இருந்தது, கேட்கும் ஆள் இல்லாமல் போனார்கள்.

இதை நம் டயாப்ரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இன்னும் எத்தனை வருடம்? பேட்டரி டீ மெஷின் ஏற்கெனவே தோட்டத்தில் ஓடுகிறது. முதுகில் பேட்டரி, கையில் பிளேடு. புகை இல்லை, கார்புரேட்டரே இல்லை. நாம் அச்சு போட்டு, ரப்பர் தேடி, முந்நூறு பேர் பட்டியல் எடுத்து முடிக்கும்போது டயாப்ரம் கேட்பவர் பாதியாகிவிட்டால்? (பேட்டரி வந்தாலும் உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வருகிறது, அது தனித் தட்டுப்பாடு. மோட்டார் கோவையில் ஆகும்.)

எஞ்சினிலும் பேட்டரியிலும் மாறாமல் இருப்பது பிளேடு. தினமும் தேய்வதும் பிளேடு. அதனால் நான் 16ஆம் தேதி சொன்ன வரிசை தவறு. டயாப்ரத்துக்கு ஒரு முறை மட்டும் பெரிய ஆர்டர் போட்டு, காற்றுப் புகாத உறையில், இருட்டில் இருப்பு வைத்துக்கொள்வோம். நிலையாகச் செய்ய வேண்டியது பிளேடு.

ஏப்ரல் 20, இரவு 9.50 | எடப்பள்ளி

பிளேடு லேசர்ல வெட்டி ஒருத்தர் கொடுத்தார். ரெண்டே நாள்ல மழுங்கிப்போச்சு. கொழுந்து வெட்டாம நசுங்கி, காம்பு கறுத்து வருது.

ஏப்ரல் 21, இரவு 9.30 | குன்னூர் பட்டறை

சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், மெத்தென்ற இரும்பு) தகட்டில் வெட்டியிருப்பார்கள். அரம் போட்டுப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

ஜப்பான் பிளேடுகளில் பரவலாக வரும் ஸ்டீல் எஸ்கே5 வகை, கார்பன் சுமார் 0.8 சதவீதம். நம் சந்தையில் இஎன் 42ஜே என்ற ஸ்பிரிங் ஸ்டீல் தகடு கிட்டத்தட்ட அதே கார்பன், கோவையில் கிடைக்கும். முதலில் வெட்டு. லேசர் வெட்டிய ஓரத்தில் ஒரு மெல்லிய அடுக்கு கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும். பல்லின் ஓரத்தை எப்படியும் சாணை பிடிப்பதால் அங்கே கவலை இல்லை. ஆனால் போல்ட் ஓடும் நீள் துளையில் அந்த அடுக்கை அப்படியே விட்டால் துளை மூலையிலிருந்து வெடிக்கும். துளையைச் சின்னதாக வெட்டி, டிரில்லும் மில்லிங்கும் போட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது பதம். 800 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி 250 முதல் 300 டிகிரிக்குச் சூடாக்கித் தணிக்க வேண்டும். கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் ஐம்பதுகளின் நடுவில் நின்றால் நல்லது. அறுபதைத் தொட்டால் கல்லில் பட்ட இடம் பல்லோடு உடைந்துவிடும். 60 செ.மீ. நீளத் தகடு எண்ணெயில் இறங்கியதும் வாழைப்பட்டை மாதிரி வளையும். அதுதான் உள்ளூர் பிளேடு தோற்கும் முக்கிய இடம். இரண்டு வழி: தணிக்கும்போது தடித்த இரும்புப் பட்டைகளுக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்கித் தணிப்பது, அல்லது பல்லை மட்டும் இன்டக்‌ஷனில் கடினமாக்கி முதுகைத் தொடாமல் விடுவது. இரண்டாவதுதான் சரி. முதுகு மெத்தென்று இருந்தால் வளைந்தாலும் நிமிர்த்தலாம். முடிந்த பிளேடைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.3 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

எடப்பள்ளிக்கு இன்னொன்று: நல்ல பிளேடும் நசுக்கும், பூட்டு தளர்ந்திருந்தால். ஒவ்வொரு போல்ட்டையும் முழுக்க இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று திரும்பத் தளர்த்தி, லாக் நட் போடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றியபின் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் இறுக்கம். மணிக்கு ஒரு தரம் எண்ணெய் விடுங்கள், கியர் பெட்டிக்கு 20 மணி நேரத்துக்கு ஒரு தரம் லித்தியம் கிரீஸ். கறுத்த காம்பைக் கழித்துவிட்டுத்தான் ஃபேக்டரியில் எடை போடுவார்கள், அதனால் இது நேரே பணம்.

ஏப்ரல் 22, காலை 8.00 | கட்டபெட்டு

அண்ணா, சீனா கார்புரேட்டர் போல்ட் அளவு ஒத்துச்சு. ஓடுது. ஆனா ஆக்சிலேட்டரை விட்டாலும் பிளேடு நிக்காம நடக்குது.

ஏப்ரல் 22, காலை 8.25 | குன்னூர் பட்டறை

ஐடில் ஸ்குரூவைக் குறையுங்கள். ஐடில் 3,000 சுற்றுக்குள் இருக்க வேண்டும், கிளட்ச் பிடிப்பது அதற்கு ஆயிரம் சுற்று மேலே. குறைத்தும் நடந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிளேடு தானாக நடக்கும் மெஷினைப் பாத்திக்குள் கொண்டுபோகாதீங்க, விரல் போகும்.

ஏப்ரல் 25, இரவு 9.10 | குன்னூர் பட்டறை

"காப்பி அடித்த சாமான் எப்படி மூலச் சாமான் ஆகும்" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நம் கண்முன்னே ஓடுகிற உதாரணம் மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரத்தில் ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அங்கே அந்த எஞ்சின் செய்வது எப்போதோ நின்றுவிட்டது, ஸ்பேருக்கு எழுதிக் கேட்க இடமில்லை. உடைந்த சாமான்களைத் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் ஒவ்வொன்றாகச் செய்து செய்து, 2011இலிருந்து முழு எஞ்சினையே அங்கே புதிதாகக் கட்டினார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை, 2021இல் நிலக்கரியில் எரியும் ஒன்று. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் ஓட வேண்டிய எஞ்சின். முதலில் ஸ்பேர், அதன் வரைபடம், வரைபடங்கள் சேர்ந்ததும் முழு மெஷின். டீ மெஷினுக்கும் அந்த வரிசைதான். மெஷினையே செய்வோம் என்று மேலிருந்து தொடங்கினால் நிற்காது.

செய்யும் பிளேடில் ஜப்பான் கம்பெனியின் பெயரையோ முத்திரையையோ அடிக்காதீர்கள். அடித்தால் அது போலி. நம் பெயரில், நம் எண்ணில் வரட்டும்.

ஏப்ரல் 27, மாலை 5.30 | கணபதி லேத்

பிளேடு செய்யலாம். பழசு ஒண்ணு அனுப்புங்கன்னா தேஞ்சதுதான் வருது. வரைபடம் வேணும்.

ஏப்ரல் 27, இரவு 9.20 | குன்னூர் பட்டறை

வரைபடம் நாம் கொடுப்போம். வீட்டில் அளப்பது இப்படி. பிளேடை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள், டீக் கறை தடிமனில் சேரும். பல்லின் முனை தேய்ந்திருக்கும், முதுகும் துளையும் தேயாது; அதனால் எல்லா அளவையும் முதுகுக் கோட்டிலிருந்தும் முதல் துளையிலிருந்தும் எடுங்கள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தைத் தனியாக அளந்தால் பிழை வரும். முதல் பல்லின் இடது ஓரத்திலிருந்து பதினோராவது பல்லின் இடது ஓரம்வரை அளந்து பத்தால் வகுங்கள். தடிமன் முதுகில் மூன்று இடத்தில். துளையின் அகலம், நீளம், மையத்துக்கு மையம் தூரம். கூர் எந்தப் பக்கம், மேல் பிளேடா கீழ் பிளேடா என்று கட்டாயம் எழுதுங்கள். இரண்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, மாறிவிட்டால் கூரும் கூரும் சேராது. கிராஃப் தாள்மேல் வைத்து கூரான பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்த நிழலையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் தெரியும்படி.

ஒரே மாடலில் குறைந்தது ஐந்து பேர் அளவு வேண்டும். நடு மதிப்பை எடுத்து நானே வரைகிறேன்.

மே 1, இரவு 8.45 | குன்னூர் பட்டறை

இதுவரை வந்தது: கட்டபெட்டு 2, மஞ்சூர் 1, எடப்பள்ளி 1, எல்லாம் ஒரே 60 செ.மீ. மாடல். தாண்டிக்குடி பிரஷ் கட்டர் கார்புரேட்டர் எண்களை அனுப்பியிருக்கிறார், அது டயாப்ரக் கணக்கில் சேர்ந்தது. நைட்ரைல் துண்டு சோதனை முடிந்தது: கணபதி அனுப்பிய ஷீட் ஏழு நாளில் 50இலிருந்து 52.5. அது வேண்டாம். எஃப்கேஎம் துண்டு 50.5இல் நிற்கிறது, காய்ந்தபின் சத்தமில்லாமல் மடங்குகிறது. அதற்கு விலை கேட்டிருக்கிறேன்.

மே 3, காலை 7.15 | குன்னூர் பட்டறை

எடப்பள்ளி, உங்கள் அளவில் பல் தூரம் மற்ற மூன்றோடு ஒத்துவருகிறது, துளைத் தூரம் மட்டும் எல்லா இடத்திலும் 1 மி.மீ. கூடுதல். பிளேடு நீளாது. டேப்பின் நுனிக் கொக்கி ஆடியிருக்கும். ஸ்டீல் ஸ்கேல் எடுத்து, நுனியிலிருந்து இல்லாமல் 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, கடைசியில் 10ஐக் கழித்து இன்னொரு தரம் போடுங்க. இன்னும் ஒருவர் அளவு வந்தால் ஐந்து ஆகிவிடும். கோத்தகிரிப் பக்கம் யாரிடமாவது அந்த மாடல் இருக்கா?